ரூம்மேட் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. மேடமிடம் சொல்வதா வேண்டாமா?

மூன்றாம்வருஷம் (இழையைத் தொடங்கியவர்)

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். தனியார் கல்லூரி, ஹாஸ்டல். ஊர் பெயர், கல்லூரி பெயர் கேட்காதீர்கள். என் ரூம்மேட்டுக்காகத்தான் இந்த இழை. "ஃபிரெண்டுக்காகக் கேட்கிறேன்" என்று யாராவது சொன்னாலே அது அவரேதான் என்று நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பதில் வந்தால் போதும்.

அவள் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். முதல் வருடம் அனாடமி புத்தகத்தில் வரிக்கு வரி பென்சிலில் தமிழ் அர்த்தம் எழுதி வைத்துப் படித்துப் பாஸ் ஆனவள். எங்கள் பேட்சில் பாதிப் பேருக்குக் கேர் பிளான் (ஒரு நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று எழுதும் திட்டம்) எழுதச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். இப்போது ஒரே கேர் பிளான் நாலு நாளாகத் திறந்தபடி மேஜையில் கிடக்கிறது. ராத்திரி 3 மணிக்கு எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். எங்களுக்கு 5.30க்கு மெஸ், 6.15க்கு பஸ், 7 மணிக்கு வார்டில் நிற்க வேண்டும், அதனால் கேட்டால் "சீக்கிரம் முழிப்பு வந்துடுச்சு" என்கிறாள். இட்லியில் ஒரு ஓரம் பிய்த்து வைத்துவிட்டு டீயை மட்டும் குடிக்கிறாள். இரண்டு மாதமாக இப்படித்தான்.

நடுவில் ஒன்று நடந்தது. ஆண்கள் வார்டில் ஒரு தாத்தா, ஒன்பது நாள் இவள்தான் ஊட்டிவிட்டாள், பத்தாவது நாள் போய்விட்டார். லாஸ்ட் ஆபீஸ், அதாவது இறந்தவர் உடம்பைத் தயார் செய்வது, நானும் அவளும்தான் செய்தோம். கைகால் கட்டி, லேபிள் எழுதி, துணி சுற்றி எல்லாம் முடித்த பிறகு அவள் அழுதாள். இன்சார்ஜ் சிஸ்டர், "அழறதுன்னா பாத்ரூம்ல போய் அழு, 14ஆம் பெட்டுக்கு வைட்டல்ஸ் இன்னும் எழுதல" என்றார்கள். அன்றிலிருந்துதான் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பிறகு அதிகமாகிவிட்டது.

போன வாரம் லைட் அணைத்த பிறகு, "காலைல எழுந்திருக்காமலே போயிட்டா எவ்ளோ நல்லா இருக்கும்ல" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இதில் கொடுமை என்னவென்றால் போன மாதம்தான் எங்களுக்கு சைக்கியாட்ரி போஸ்டிங், அதாவது மனநலப் பிரிவில் பயிற்சி. ஒரு அம்மாவிடம் ஹிஸ்டரி எடுத்து, தூக்கம் குறைவு, பசி குறைவு, விடியற்காலையில் விழிப்பு, எதிலும் நாட்டமில்லை என்று நானே அழகாக எழுதி அண்டர்லைன் போட்டுக் கையெழுத்து வாங்கினேன். அதே நாலும் என் ரூமில் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது.

கிளாஸ் கோஆர்டினேட்டர் மேடமிடம் சொல்லலாமா என்றால் பயமாக இருக்கிறது. போன வருடம் ஒரு சீனியர் அக்கா வார்டில் அழுதுவிட்டார் என்பதற்காக, அவரை வைத்துக்கொண்டே கிளாஸில், "மனசு வீக்கா இருக்கிறவங்க இந்த கோர்ஸுக்கு வரவே கூடாது" என்று சொன்னார்கள். அப்புறம் பெற்றோரை வரவழைத்தார்கள். அந்த அக்கா பாதியில் போய்விட்டார். நான் சொல்லி இவளுக்கும் அப்படி ஆகிவிட்டால்?

நைட்டுடியூட்டி

தங்கச்சி, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இன்று ராத்திரி. அவளைத் தனியாக விடாதே. வீட்டுக்குப் போகிற ரூம்மேட் யாராவது இருந்தால் இந்த வாரம் போக வேண்டாம் என்று சொல்.

இரண்டாவது, நேராகக் கேள். சுற்றி வளைக்காதே. "சாகணும்னு தோணுதா?" என்ற அதே வார்த்தையில் கேள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல ஆகிவிடும் என்று நாம் எல்லாருமே பயப்படுகிறோம், அப்படி ஆவதில்லை, இது உன் பாடத்திலேயே இருக்கும். தோன்றுகிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி, எப்படி, எப்போது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாளா. அதற்கு ஆமாம் என்று வந்தால் இன்டர்னல் மார்க், மேடம், வார்டன் என்று யாரையும் யோசிக்காதே, அந்த நிமிஷமே ஒரு பெரியவரிடம் சொல்லி கேஷுவல்டிக்குக் கூட்டிப் போ. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுக்காதே. நான் ஒருமுறை கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

14416, டெலி மானஸ். 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. 104க்கும் கூப்பிடலாம். அவள்தான் பேச வேண்டும் என்று இல்லை, நீ கூப்பிட்டு "என் ரூம்மேட் இப்படி இருக்கிறாள், நான் என்ன செய்வது" என்று கேட்கலாம்.

ஜிஎன்எம்98

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் 1998 பேட்ச். ஒரு வார்டுக்கு 60 நோயாளிகள், நைட்டில் நாங்கள் இரண்டு மாணவிகள், ஒரு ஸ்டாஃப். கிளவுஸை அலசி, பவுடர் போட்டு, ஆட்டோகிளேவுக்கு அனுப்பியது நாங்கள். வார்டன் எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படிப்பார். எங்களுக்கும் நோயாளிகள் செத்தார்கள், எங்களையும் திட்டினார்கள். யாரும் டிப்ரஷன் என்று சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ராத்திரி 1 மணி வரை போன், பிறகு தூக்கம் வரவில்லை என்று புகார். ஒரு அதட்டல் தாங்க முடியவில்லை என்றால் ஐ.சி.யூ.வில் எப்படி நிற்பீர்கள்?

ரெக்கார்டுநோட்டு

மேடம், உங்கள் பேட்சில் பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர்? அவர்கள் ஏன் நின்றார்கள் என்று யாராவது கேட்டார்களா? "வீட்டில் கல்யாணம் பேசிட்டாங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜிஎன்எம்98

மூன்று பேர். ஒருத்திக்குக் கல்யாணம் என்றுதான் சொன்னார்கள்.

அதை நான் இத்தனை வருடம் யோசித்ததில்லை.

கடைசிபெஞ்ச்

பையன்கள் பக்கத்திலிருந்தும் ஒரு குரல். எங்கள் பேட்சில் நாங்கள் ஏழு பேர். ஊரில் கேட்டால் "டாக்டருக்கா படிக்கிற?" "இல்ல, நர்சிங்." "அது பொம்பளைங்க வேலையாச்சே." பொங்கலுக்குப் போனாலும் இதே உரையாடல், தீபாவளிக்குப் போனாலும் இதே உரையாடல், அதனால் நான் இப்போது பஸ் இறங்கி நேராக வீட்டுக்குள் போய்விடுகிறேன். லேபர் ரூம் போஸ்டிங்கில் எங்களை வெளியில் நிறுத்திவிட்டு, "கேஸ் பார்த்ததா எழுதிக்க" என்பார்கள், பார்க்காததை எழுத வேண்டும், அது வேறு உறுத்தல். பொண்ணுங்களாவது பாத்ரூமில் போய் அழ முடிகிறது. எங்களில் ஒருத்தன் மூன்று மாதம் தினமும் குடித்தான், அதை எல்லாரும் "ஜாலியா இருக்கான்" என்று நினைத்தோம். நானும்தான்.

ரெக்கார்டுநோட்டு

இழையின் கேள்விக்கு வருகிறேன். மேடம் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாவது. இந்தப் படிப்பில் உடம்பு சரியில்லை என்று சொல்வதற்கே இடம் வைக்கவில்லை. நர்சிங் கவுன்சில் விதிப்படி பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும். சரி, எல்லாப் படிப்பிலும் ஏதோ ஒரு சதவீதம் இருக்கிறது. ஆனால் டிகிரி கைக்கு வருவதற்கு முன்னால் கிளினிக்கலில், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சியில், ஒவ்வொரு பிரிவிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். அதாவது காய்ச்சலில் நாலு நாள் படுத்தால் அந்த நாலு நாளையும் லீவில் வந்து காம்பன்சேட் செய்ய வேண்டும். எல்லாரும் ஊருக்குப் போன பிறகு காலி ஹாஸ்டலில் தனியாக இருந்து டியூட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊசி போடுவதையும் பிரசவம் பார்ப்பதையும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வர முடியாது என்பதால்தான் அந்த விதி, அது எனக்குப் புரிகிறது, நோயாளியாக நான் படுத்தால் நானும் அதைத்தான் எதிர்பார்ப்பேன். ஆனால் அதன் விளைவு என்ன, காய்ச்சலுக்கே லீவு எடுக்க யோசிப்பவள் "மனசு சரியில்லை" என்று எப்படி எடுப்பாள்?

அடுத்து மார்க். தியரிக்கு 25 இன்டர்னல், 75 யூனிவர்சிட்டி. அந்த 25 யார் கையில் இருக்கிறதோ அவர்களிடமே போய் "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று சொல்லச் சொல்கிறீர்கள்.

ஒரு நகைச்சுவை சொல்லட்டுமா. எந்த நர்சிங் கல்லூரி நூலகத்துக்கு வேண்டுமானாலும் போய் எம்.எஸ்சி. ஆய்வேடுகள் இருக்கும் அலமாரியைப் பாருங்கள். "தேர்ந்தெடுக்கப்பட்ட கல்லூரியில் நர்சிங் மாணவர்களின் மன அழுத்த அளவை மதிப்பிடும் ஆய்வு", அதிலேயே பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஜேக்கப்சன் தசைத் தளர்வுப் பயிற்சி கொடுத்து முன்னும் பின்னும் அளந்தது, பென்சன் என்பவரின் தளர்வு முறை கொடுத்து அளந்தது, யோகா கொடுத்து அளந்தது. லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று மூன்று பட்டையாக வரைபடம். நாங்களே அந்தக் கேள்வித்தாளை நிரப்பினோம், லஞ்ச் நேரத்தில், "சீக்கிரம் டிக் போடுங்கமா" என்று வாங்கிப் போனார்கள். நான் பாதிக்கு மேல் "எப்போதும்" என்று போட்டேன். யாரும் வந்து "ஏன்மா அப்படிப் போட்டே" என்று கேட்கவில்லை. என் "எப்போதும்" யாரோ ஒருவருடைய ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயத்தில் ஒரு சதவீதமாக இருக்கிறது.

கடைசிபெஞ்ச்

டிக் போட்டதற்கு எங்களுக்கு ஒரு மாரி பிஸ்கட் பாக்கெட் தந்தார்கள்.

டியூட்டர்_பேசுகிறேன்

இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. நான் ஒரு கல்லூரியில் டியூட்டர். "மனசு வீக்கா இருந்தா வராதீங்க" என்ற வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அதே வார்த்தைகள் இல்லை, ஆனால் அதேதான்.

ஏன் சொன்னேன் என்று யோசித்தால், எனக்கு அதைச் சொன்னவர்களிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சில் கணக்கு. பேப்பரில் அப்படித்தான் இருக்கிறது. வார்டில் நான் ஒருத்தி, என்னுடன் 30 பிள்ளைகள், மூன்று மாடியில் பிரிந்து நிற்பார்கள். ஒரு பிள்ளை டிரிப்பில் காற்று போகவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி எங்களுடையது இல்லை, கெஞ்சி வாங்கிய அனுமதி, ஒரு புகார் போனால் அடுத்த பேட்சுக்குப் போஸ்டிங் கிடைக்காது. அந்தப் பயம் என் வாயிலிருந்து திட்டாக வரும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை.

மென்டர் ஃபைல் என்று ஒன்று வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு "ஏதாவது பிரச்சினை இருக்கா" என்று கேட்க வேண்டும். கேட்பேன். "இல்ல மேம்" என்பாள். "பிரச்சினை எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவேன். இன்ஸ்பெக்ஷனுக்கு ஃபைல் சுத்தமாக இருக்கும். அதே பிள்ளைக்கு இன்டர்னல் போடுவதும் நான்தான், அவள் எப்படி "இருக்கு மேம்" என்பாள்? ரெக்கார்டுநோட்டு சொன்னது என்னைச் சுட்டது.

மூன்றாம்வருஷம், உன் கல்லூரியில் நம்பிக்கையான ஒரு ஆசிரியராவது இருப்பார், ஆனால் அவர் உனக்கு மார்க் போடாதவராக இருக்கட்டும். நூலகர், பி.டி. சார், முதலாம் வருடத்துக்கு மட்டும் வரும் மேடம், யாராவது.

மூன்றாம்வருஷம்

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கேட்டேன். நைட்டுடியூட்டி அக்கா சொன்ன அதே வார்த்தையில். கேட்கும்போது எனக்குத்தான் கை நடுங்கியது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தோணுது, ஆனா பண்ணமாட்டேன், எங்க அம்மாவுக்கு மகளிர் குழுக் கடன் இருக்கு" என்றாள். அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. திட்டம் எதுவும் இல்லை என்றாள், நம்புகிறேன்.

எனக்குத் தெரியாத ஒன்று வெளியில் வந்தது. தாத்தா இறந்ததற்கு ஒரு வாரம் முன்னால், மாத்திரை கொடுக்கும்போது 11ஆம் பெட்டு மாத்திரையை 12ஆம் பெட்டில் கொடுத்திருக்கிறாள். அவரே "எனக்கு இந்தக் கலர் மாத்திரை இல்லையேமா" என்று சொல்ல, வாயில் போடும் முன்னாலேயே வாங்கிவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவளே போய் இன்சார்ஜிடம் சொல்லியிருக்கிறாள், மறைக்கவில்லை. அவர்கள் நோயாளிகள், அட்டெண்டர் எல்லார் முன்னாலும் "கொலைகாரி ஆகப்போறியா" என்று கேட்டிருக்கிறார்கள். விளக்கக் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் தாத்தா இறந்ததும், தான் ஏதோ தப்பாகக் கொடுத்துத்தான் என்று இவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அவருக்கு இவள் மாத்திரையே கொடுத்ததில்லை, கஞ்சிதான். 3 மணிக்கு எழுந்து அந்த ஒன்பது நாளையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறாளாம்.

14416க்கும் பேசினோம். முதலில் ரிங் போய்க் கட்டானது, இரண்டாவது தடவை எடுத்தார்கள். அவள் பேசவில்லை, ஸ்பீக்கரில் போட்டு நான் பேசினேன், பாதியில் அவளே போனை வாங்கிக்கொண்டாள். ஒரு மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள்.

நைட்டுடியூட்டி

அந்தக் குழந்தை சொன்னதை இன்சார்ஜ் கேட்டிருக்க வேண்டிய விதம் வேறு. தப்பு நடந்து, நோயாளியைத் தொடும் முன் பிடித்து, தானாக வந்து சொன்ன மாணவி. அவளைத் திட்டினால் அடுத்த மாணவி என்ன கற்றுக்கொள்வாள்? சொல்லக்கூடாது என்று. 11, 12 பெட்டு மாத்திரைகள் ஏன் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணத்தில் இருந்தன, மூன்றாம் வருட மாணவி ஏன் ஸ்டாஃப் பக்கத்தில் இல்லாமல் மாத்திரை கொடுத்தாள், இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஸ்டாஃப் ஏன் இல்லை என்றால் அது எங்கள் கதை. நான் 2015இல் எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவள். ஆள் போடாத வார்டில் மாணவிகள்தான் கை. படிக்க வந்தவர்களை வைத்து டியூட்டி ஓட்டுகிறோம், அப்புறம் ஸ்டாஃப் மாதிரி தப்பில்லாமல் செய்யவில்லை என்று திட்டுகிறோம்.

என் முதல் வருட சர்வீசில் நான் ஒரு டோஸ் மறந்தேன். இன்றும் எந்த வார்டு, எந்த பெட்டு என்று சொல்வேன். அவளிடம் இதைச் சொல். தப்பே செய்யாத நர்ஸ் என்று யாராவது சொல்லிக்கொண்டால் அவர் ரிப்போர்ட் எழுதாத நர்ஸ்.

லாபாயின்ட்

நர்சிங் தெரியாது, சட்டம் கொஞ்சம் தெரியும். இழையில் பயந்த விஷயங்களுக்கு மட்டும்.

அவள் டாக்டரைப் பார்த்தால் கல்லூரிக்குத் தெரிந்துவிடுமா? மனநல மருத்துவச் சட்டம் 2017, பிரிவு 23 படி சிகிச்சை விவரம் ரகசியம். டாக்டர் கல்லூரிக்குக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு.

பாதியில் நிற்க நேர்ந்தால் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு மிரட்டுவார்கள் என்ற பயமும் பலருக்கு உண்டு. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே சொல்லிவிட்டது. எழுத்தில் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டால் இழுப்பார்கள்.

அப்புறம் பெரிய விஷயம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் இறந்துபோன ஒரு மாணவியின் அப்பா தொடர்ந்த வழக்கில், நாடு முழுக்கக் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. 100 மாணவர்கள் அல்லது அதற்கு மேல் இருந்தால் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். தனிச்சட்டம் வரும்வரை இது சட்டம்போலவே செல்லும். நர்சிங் கல்லூரியில் நாலு வருடத்துக்கும் சேர்த்தால் பெரும்பாலும் 100ஐத் தாண்டும்.

ரெக்கார்டுநோட்டு

எங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறார். போர்டு இருக்கிறது, அறையும் இருக்கிறது. உட்கார்ந்திருப்பது சைக்காலஜி பேப்பர் எடுக்கும் மேடம். இன்டர்னலும் அவர்தான். வெள்ளிக்கிழமை 3 முதல் 4 வரை, கதவு ஸ்டாஃப் ரூமைப் பார்த்துத் திறக்கும். மூன்று வருடத்தில் உள்ளே போனது ஒருத்தி, அவளும் ஃபேன் சுவிட்ச் எங்கே என்று கேட்கப் போனாள்.

டியூட்டர்_பேசுகிறேன்

அரசு மருத்துவக் கல்லூரிகளில் "மனம்" என்று நல்லாதரவு மன்றம் 2022 கடைசியில் ஆரம்பித்தார்கள். அதுபோல ஒன்று தனியார் நர்சிங் கல்லூரிகளுக்கும் வெளியிலிருந்து வரும் ஆளை வைத்து வரவேண்டும். வாரம் ஒரு நாள் வந்தாலும் போதும், ஆனால் எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஆள், எங்களிடம் ரிப்போர்ட் கொடுக்காத ஆள். இதை எங்கள் ஸ்டாஃப் மீட்டிங்கில் சொன்னேன். "செலவு யார் தருவா" என்று கேட்டார்கள். யோகா தினத்துக்கு மேடை போட்ட பில் எவ்வளவு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஒரு அப்பா

மகளுக்கு நர்சிங் முதல் வருடம். கல்விக் கடன் போட்டிருக்கிறேன், மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் பணம் அவளுக்கு வருகிறது, அதையும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஷூவுக்குமே செலவு செய்கிறாள். இந்த இழையைப் படித்தபின் ராத்திரி தூக்கமில்லை. தினமும் 7.30க்குப் போன் பேசுகிறாள், வார்டன் கொடுக்கும் நேரம் அதுதான். "சாப்பிட்டியா, மார்க் என்ன, டெஸ்ட் எப்போ" இவ்வளவுதான் நான் கேட்பேன். "நல்லா இருக்கேன்பா" என்பாள். அவள் நல்லா இல்லை என்றால் எனக்கு எப்படித் தெரியும்? வெளிநாட்டுக்குப் போனால் கடன் இரண்டு வருடத்தில் அடைந்துவிடும் என்று போன ஞாயிற்றுக்கிழமை வேறு சொல்லிவிட்டேன்.

கடைசிபெஞ்ச்

அண்ணா, மார்க்கைக் கடைசியில் கேளுங்கள். முதலில் "இன்னைக்கு வார்டுல என்ன பார்த்த?" என்று கேளுங்கள். வெளிநாடு, கடன் இரண்டையும் ஒரு ஆறு மாதம் எடுக்காதீர்கள். எங்கள் அப்பா ஒருமுறை "பிடிக்கலன்னா வந்துடு, பார்த்துக்கலாம்" என்றார். நான் போகவில்லை. ஆனால் போகலாம் என்று தெரிந்ததால்தான் இருந்தேன்.

ஜிஎன்எம்98

ஒரு அப்பாவுக்கு: மாதம் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். கழுத்து எலும்பு தெரிகிறதா, நகம் கடித்திருக்கிறாளா பாருங்கள், போனில் அது தெரியாது. முதலில் நான் எழுதியதை அழிக்கலாமா என்று நினைத்தேன். இருக்கட்டும். கல்யாணம் என்று சொல்லிப் போனவளின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், பழைய பேட்ச் குரூப்பில் யாரிடமும் இல்லை.

இழைநடத்துநர்

கல்லூரி எது என்று தனிச்செய்தியில் கேட்பவர்கள் நிறுத்தவும். இரண்டு பேரை ஏற்கெனவே எச்சரித்தாயிற்று.

மூன்றாம்வருஷம்

தாமதத்துக்கு மன்னியுங்கள், டெஸ்ட் வாரம்.

போய் வந்தோம். நூலகர் அக்காவிடம்தான் சொன்னேன், டியூட்டர் மேடம் சொன்ன யோசனை. அவர் என்ன என்று தோண்டிக் கேட்கவில்லை, வார்டனிடம் "கண் டாக்டர் கிட்ட அனுப்பறேன், ரெண்டு பேரா போகட்டும்" என்று அவுட்பாஸ் வாங்கிக் கொடுத்தார். பொய்தான். மனநல டாக்டர் என்று சொல்லி அவுட்பாஸ் வாங்கும் நாள் வரும்போது நான் உண்மை சொல்கிறேன்.

மாவட்ட அரசு மருத்துவமனை மனநல ஓ.பி. ஒரு சீட்டு, ஒன்றரை மணி நேரம் பெஞ்ச். பக்கத்தில் ஒரு பாட்டி இவளிடம் "உனக்கென்னடி கண்ணு குறை" என்று கேட்டார், இவள் "தூக்கம் வரல பாட்டி" என்றாள். "எனக்கும்தான்" என்று பாட்டி வெற்றிலைப் பையை எடுத்தார். இரண்டு மாதத்தில் இவள் ஒரு அந்நியரிடம் தானாகச் சொன்ன முதல் உண்மை அது.

டாக்டர் இவளைத் தனியாகப் பார்த்தார், இருபது நிமிஷம். மாத்திரை கொடுத்திருக்கிறார், வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதே என்று சொல்லியிருக்கிறார். அங்கேயே சைக்காலஜிஸ்ட் இருக்கிறார், பத்து நாளைக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். மேடமிடம் இன்னும் சொல்லவில்லை, அதை அவள் முடிவு செய்யட்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது போன மாதம் நாங்கள் போஸ்டிங்கில் இருந்த அதே ஓ.பி. அதே சிஸ்டர் பி.பி. பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும், "என்னம்மா, மறுபடியும் போஸ்டிங்கா? யூனிஃபார்ம் எங்க?" என்றார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவள் சீட்டை நீட்டிவிட்டாள். சிஸ்டர் சீட்டைப் பார்த்தார்கள், பெயரைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் கஃப் கட்டினார்கள். முடித்ததும், "அடுத்த தடவை எட்டு மணிக்கெல்லாம் வந்துடு, கூட்டம் இருக்காது" என்றார்கள்.

நைட்டுடியூட்டி

அந்த சிஸ்டருக்கு என் சார்பில் ஒரு டீ.

நீ எப்படி இருக்கே? நீ தூங்கினாயா? அதை யாரும் கேட்கவில்லை.

மூன்றாம்வருஷம்

நேற்று எட்டு மணி நேரம் தூங்கினேன் அக்கா. அவள் ஐந்து. போன அரை நாளுக்கும் இனி ஓ.பி. போகும் நாட்களுக்கும் சேர்த்து லீவில் காம்பன்சேட் டியூட்டி வரும், இரண்டு பேருக்கும்தான். ஒரே வார்டில் கேட்டிருக்கிறோம், கொடுப்பார்களா தெரியவில்லை.